லாகின் சர்வர் விழுந்த நாள்: உங்கள் கிளையில் என்ன நடந்தது?

பின்னலாடை ஐடி
மூன்று வருஷம் ஆச்சு, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. திருப்பூர் கிளையில் ஒரு டிசி (டொமைன் கன்ட்ரோலர், ஆபீஸ் லாகினைச் சரிபார்க்கும் சர்வர்), கோவை தலைமை ஆபீஸில் இரண்டு. கிளை சர்வர் விழுந்தால் கோவை எடுத்துக்கொள்ளும் என்று படம் வரைந்து கையெழுத்துப் போட்டதே நான்தான். ஒரு திங்கட்கிழமை காலை கிளை சர்வர் போய்விட்டது. கோவைக்கு லைன் நன்றாக இருக்கிறது, பிங் போகிறது. ஆனால் ஒருத்தராலும் உள்ளே நுழைய முடியவில்லை. டிஸ்பேட்ச் அக்கா திரையை என் பக்கம் திருப்பினார். ‘நோ லாகான் சர்வர்ஸ் அவைலபிள்’. வாசலில் கன்டெய்னர் நிற்கிறது, இன்வாய்ஸ் அடிக்க வேண்டும். “தம்பி, இதுக்குத்தானே மூணு சர்வர் வாங்குனீங்க?” என்றார். திட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கம்ப்யூட்டர்களுக்கு ஐபி தரும் ரௌட்டரின் டிஹெச்சிபியில், பெயரை வைத்து சர்வரைக் காட்டும் டிஎன்எஸ் என்று கிளை சர்வரின் ஐபி ஒன்று மட்டுமே இருந்தது. கோவையில் டிசி இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டியதே செத்துக் கிடந்தது. கேஷ்டு லாகான் என்று ஒன்று உண்டு: டிசி கிடைக்காவிட்டாலும், முன்பு நுழைந்த ஆளின் பதிவை வைத்துக் கம்ப்யூட்டரே உள்ளே விடும். ஆடிட்டில் கேட்டார்கள் என்று அதன் எண்ணிக்கையையும் 0 ஆக்கி வைத்திருந்தோம்.

லைன்_கட்
அந்த 0தான் தப்பு. டிஃபால்ட் 10ஐ அப்படியே விட்டிருந்தால் எல்லாரும் உள்ளே போயிருப்பார்கள். சின்னக் கிளைக்கு டிசியே தேவையில்லை. எங்கள் கிளையில் இரண்டு நாள் லைன் இல்லாமல் கேஷ்டு லாகானிலேயே ஓட்டினோம்.

எடைமேடை
மேலே சொன்னது ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இருந்தால் சரி. எங்கள் எடைமேடையில் ஒரே கம்ப்யூட்டர், மூன்று ஷிப்டில் 14 பேர். 11வது ஆள் நுழைந்ததும் பழைய ஆள் ஒருவரின் பதிவு போய்விடும். லைன் அறுந்த ராத்திரி டூட்டிக்கு வந்தவர் அப்படிப் போனவர்களில் ஒருத்தர். லாரி வரிசை கேட்டைத் தாண்டி ரோடு வரை நின்றது.

மலைக்கிளை
வால்பாறை. மழைக்காலத்தில் மரம் விழுந்து ஃபைபர் அறுவது வழக்கம் என்பதால் ஆர்ஓடிசி (படிக்க மட்டுமான டிசி, அனுமதித்த கணக்குகளின் பாஸ்வேர்டை மட்டும் வைத்திருக்கும்) வைத்தோம். மேலாளரின் பாஸ்வேர்டை அதில் பதிந்து வைக்க அனுமதித்து, முன்கூட்டியே இறக்கியும் வைத்தாயிற்று. அவருக்குக் கோவையில் டொமைனில் சேர்த்த புதுக் கம்ப்யூட்டர் அனுப்பினோம். அது போய்ச் சேர்ந்த அன்றே லைன் போனது. ஏழு தடவை சரியான பாஸ்வேர்டைத்தான் அடித்தார். கடைசித் தடவை போனில் எனக்கு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே அடித்தார். “வேண்டாம் சார், சொல்லாதீங்க” என்றேன், கேட்கவில்லை. அந்த அனுமதியில் ஆள் கணக்கைச் சேர்த்த நான் கம்ப்யூட்டர் கணக்கைச் சேர்க்கவில்லை. இரண்டும் ஆர்ஓடிசியில் இருந்தால்தான் லைன் இல்லாதபோது விடும். வயசானவர், தன் ஞாபகத்தையே சந்தேகப்பட்டுவிட்டார். அதுதான் இன்னும் வலிக்கிறது.

பழைய அட்மின்
என் கதை சின்னது. ஓசூரில் புது மாடிக்குப் புது சப்நெட் (ஐபி வரிசை) போட்டோம், எந்த சப்நெட் எந்தக் கிளை (சைட்) என்று டிசிக்குச் சொல்லும் சைட்ஸ் அண்ட் சர்வீசஸில் சேர்க்க மறந்தோம். பக்கத்து அறையில் டிசி இருக்க, அந்த மாடி முழுக்க வேறு ஊர் சர்வரைத் தேடிப் போய் லாகின் 12 நிமிஷம் ஆனது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். டிசியில் நெட்லோகன் லாகை (லாகின் பதிவேடு) திறந்து ‘நோ கிளையன்ட் சைட்’ என்று தேடுங்கள். விட்டுப்போன சப்நெட்டுகளின் ஐபி வந்து நிற்கும். சைட்டுகளுக்கு இடையே ரெப்ளிகேஷன் (ஒரு டிசியின் மாற்றம் மற்றதற்குப் போவது) டிஃபால்ட்டாக 180 நிமிஷம். காலையில் கோவையில் உருவாக்கிய கணக்கு மதியம்தான் கிளைக்கு வரும். லைன் தாங்கினால் 15க்குக் குறையுங்கள். ‘ட்ரை நெக்ஸ்ட் க்ளோசஸ்ட் சைட்’ பாலிசியைப் போடாவிட்டால், கிளை டிசி விழுந்ததும் கம்ப்யூட்டர் பக்கத்து ஊரை விட்டுவிட்டுக் கண்ட ஊருக்கும் போகும். ஊருக்கு ஊர் எந்த வழி மேல் என்று நாம் கொடுக்கும் எண்ணான சைட் லிங்க் காஸ்ட் எல்லாம் 100 என்றே கிடந்தால் எது பக்கம் என்று அதற்கு எப்படித் தெரியும்? அப்புறம் கடிகாரம். 5 நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பராஸ் (லாகினைச் சரிபார்க்கும் முறை) நுழைவுச் சீட்டுத் தராது. எத்தனை டிசி இருந்தும் பயனில்லை.

பின்னலாடை ஐடி
லைன்_கட், 0ஐ மாற்றிவிட்டோம், நீங்கள் சொன்னது சரி. ஆனால் அன்று வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேருக்கு எந்தக் கேஷ்டு லாகானும் உதவியிருக்காது.

பழைய அட்மின், லாக் பார்த்தேன். விட்டுப்போனவை மூன்று.

போன சனிக்கிழமை சாயங்காலம் கிளை சர்வரின் கேபிளைக் கையால் உருவிவிட்டு, டிஸ்பேட்ச் அக்காவை உட்காரச் சொன்னேன். ஒரு நிமிஷத்துக்குள் கோவை வழியாக உள்ளே போய்விட்டார். “வந்துடுச்சு தம்பி” என்று சிரித்துவிட்டு எஸ் டிரைவை (சர்வரில் உள்ள பொது ஃபோல்டர்) தேடினார். இல்லை. லாகின் ஸ்கிரிப்டில் அது கிளை சர்வரின் பெயரிலேயே இருக்கிறது, இன்வாய்ஸ் ஃபார்மட் முழுக்க அதற்குள். இந்த வாரம் அதை டிஎஃப்எஸ்ஸுக்கு (ஒரே சர்வரின் பெயரில் கட்டிப்போடாத பொதுப் பாதை) மாற்றுகிறேன். அடுத்த சனிக்கிழமையும் வருவதாக அக்கா சொல்லியிருக்கிறார்.