முதல் வீடு: வங்கி மதிப்பு 30,000 வெள்ளி குறைவு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாடகைக்கு விடலாமென்று ஒரு பழைய தரைவீட்டுக்கு மூன்று வாரம் முன்பு 3,600 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் கட்டினேன். விலை 180,000. குத்தகை நிலம், 58 ஆண்டுகள் மிச்சம். கடனுக்காக வங்கி போட்ட மதிப்போ 150,000தான். பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறைக்கு அனுமதி இல்லையாம், அதைச் சேர்க்கவில்லை. (கூரை ஒழுகுமிடத்தில் மைலோ டின் வைத்திருந்தார்கள். அப்போதே யோசித்திருக்கணும்.) 90 விழுக்காடு கடன் என்றால் 135,000. மீதி 45,000க்கு எங்கே போவது?

இன்னொரு வங்கியிலும் இதே கதை. நில அலுவலகத்தில் பார்த்துவிட்டேன், கிராண்டில் (நிலப் பட்டாவில்) வில்லங்கம் இல்லை. ஏஜெண்டோ, "தனிக்கடன் எடுங்க தம்பி" என்கிறார். அது சரிவராது, வாடகையே 600தான் வரும். ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

வங்கி மதிப்பைக் காட்டி விற்பவரிடம் விலையைக் குறைத்தவர்கள் யாராவது இருந்தால், எப்படிப் பேசினீர்கள்?