கப்பலில் காய்ச்சல் வந்தால்: நம்ம கரைக்காரர்கள் பட்ட அனுபவம்

தங்கச்சிமடத்தில் இருந்து:

எங்கள் தெருப் பையன் ஒருவன் பயணிகள் கப்பலில் சமையல்கட்டு வேலைக்குக் கிளம்புகிறான். "அண்ணே, லேசா இருமினாலே அறையில போட்டு அடைச்சிடுவாங்களாமே, நெசமா?" என்று கேட்டான். அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். கோவிட் பரவிய 2020இல் கப்பலில் இருந்த மற்றவர்களும் சொல்லுங்கள்.

நான் அப்போது ஹவுஸ்கீப்பிங். மார்ச் 14 அன்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பயணிகள் கப்பல்களை நிறுத்தி உத்தரவு போட்டது. சில நாட்களில் பயணிகள் இறங்கிவிட்டார்கள். எங்களால் இறங்க முடியவில்லை. ஊழியர்களைப் பொது விமானத்தில் அனுப்பக் கூடாது, தனி விமானம் பிடிக்க வேண்டும் என்றார்கள். இந்தியாவிலோ அப்போது வெளிநாட்டு விமானமே இறங்கவில்லை. பஹாமாஸ் பக்கம் நங்கூரம் போட்டுக் கிடந்தோம்.

ஏப்ரலில் எனக்குக் காய்ச்சல் வந்தது. கீழ்த்தளத்தில் இரண்டு பேர் படுக்கும் எங்கள் அறையில் இருந்து, நானே மாதக்கணக்கில் பெருக்கித் துடைத்த பயணி அறை ஒன்றுக்கு மாற்றினார்கள். சாப்பாட்டு நேரத்தில் கதவில் இரண்டு தட்டு கேட்கும். திறந்தால் ஆள் இருக்காது. தரையில் மூடிய டப்பா, மூடிமேல் பேனாவால் எழுதிய அறை எண். மூன்று நாள் யார் கொண்டுவந்தார்கள் என்றே தெரியவில்லை. நாலாம் நாள் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு காகிதக் கப்பில் எலுமிச்சை ஊறுகாய் இருந்தது. கப்பல் சமையல்கட்டில் வேலை பார்த்த தூத்துக்குடி அண்ணன்தான் வைத்திருப்பார். டப்பாவைத் தொடாமல் அந்தக் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தனியாக வைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன், அது சரியான விதி. என்னை உடைத்தது வேறு. 14 நாள் என்றார்கள். 14ஆம் நாள் கேட்டால், "நாளைக்குச் சொல்கிறோம்". பக்கத்து அறைக்காரருக்கு நோய் உறுதியானதும் என் கணக்கை முதலில் இருந்து எண்ணினார்கள். அதை என்னிடம் சொல்லவே இரண்டு நாள் ஆனது. ஆளை அடைத்து வைக்கிறவர்கள், எதற்கு, எந்தத் தேதி வரை என்பதைக் கதவுக்கு வெளியே நின்றாவது சொல்லிவிட வேண்டும்.

எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்கிறேன். காலை பத்து மணிக்கு நெற்றியில் காய்ச்சல் பார்ப்பார்கள். 38 டிகிரியைத் தொட்டால் தனியறை. என் அறைத் தோழன் ஒன்பது மணிக்கே பாரசிட்டமால் போட்டுவிடுவான். தனியறைக்குப் போனால் சம்பளம் நிற்கும், அடுத்த கான்ட்ராக்ட் கிடைக்காது என்ற பயம். நாலு நாள் தப்பித்தான். அவனிடமிருந்து எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் வந்தது. அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. சம்பளத்துக்கு உத்தரவாதம் இருந்திருந்தால் அவன் முதல் நாளே சொல்லியிருப்பான்.

அந்த பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நின்ற டைமண்ட் பிரின்சஸ் கப்பலிலும் இதுதான் கதை. 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று. பயணிகளை அறைக்குள் இருத்தினார்கள். ஆனால் அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோன ஊழியர்கள் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு, இரண்டு பேராக ஒரே அறையில் படுத்தார்கள். அந்த ஊழியர்களில் 132 பேர் இந்தியர்கள்.

ஜூனில் ஊர் வந்தேன். மாவட்ட எல்லையில், பார்த்திபனூரில் நிறுத்தி மூக்கில் குச்சி விட்டார்கள், வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அம்மா திண்ணையில் சாப்பாட்டை வைத்துவிட்டுத் தெருவுக்குப் போய் நின்றுகொண்டு, "தின்னுட்டுச் சொல்லுய்யா" என்றார். கப்பலில் இருந்ததைவிட அந்த 14 நாள் லேசாகத்தான் போனது. முடியும் தேதி ஸ்டிக்கரிலேயே எழுதியிருந்தது.

மண்டபத்தில் இருந்து:

தம்பி, படிக்கும்போது என் அப்பத்தா ஞாபகம் வந்தது. அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குடும்பத்தோடு இலங்கையில் கண்டித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். எங்கள் ஊர் மண்டபம் கேம்ப் அதற்காகவே இலங்கை அரசாங்கம் வைத்திருந்த இடம். தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும் முன் தோட்டத் தொழிலாளர்களை ஏறக்குறைய ஒரு வாரம் அங்கே நிறுத்தி, அம்மை ஊசி போட்டு, காலரா, பிளேக் இல்லை என்று பார்த்துத்தான் விடுவார்கள். உடுத்திய துணியைக் கழற்றி வாங்கி வேகவைத்துக் கொடுத்ததைச் சாகிறவரை சொல்லிக்கொண்டே இருந்தார். மேல் வகுப்பு டிக்கெட்காரர்களை இப்படி நிறுத்தவில்லை என்பார். "சீக்கு டிக்கெட்டைப் பார்த்தா வருது?" என்று கேட்பார். நீங்கள் எழுதிய பயணி, ஊழியர் கதையும் அதுதானே.

கீழக்கரையில் இருந்து:

நான் சரக்குக் கப்பல் ஆள், இரண்டு விஷயம் மட்டும். துறைமுகத்துக்கு வெளியே மஞ்சள் கொடி ஏற்றினால் பயப்பட வேண்டாம். ஒரு காலத்தில் மஞ்சள் என்றால் கப்பலில் நோய் என்று அர்த்தம். இப்போது "எல்லாரும் நலம், உள்ளே வர அனுமதி கொடுங்கள்" என்று அர்த்தம். அப்புறம் மஞ்சள் காய்ச்சல் ஊசி. கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டால்தான் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலையில் இருந்து அது ஆயுசுக்கும் செல்லும். பத்து வருடம் ஆகிவிட்டது, மறுபடி போடு என்று ஏஜென்ட் சொன்னால் அந்தத் தேதியைக் காட்டுங்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் வீணாகக் காசு கட்டினார்கள்.

தங்கச்சிமடத்தில் இருந்து, மறுபடியும்:

அக்கா, உங்கள் அப்பத்தா கேட்டதை வீட்டில் படித்துக் காட்டினேன். அம்மா இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார்.

பையனுக்கு: அமெரிக்கா தன் கோவிட் கப்பல் திட்டத்தை 2022 ஜூலை 18இல் முடித்துவிட்டது. இப்போது கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறும், ஏறும் முன்பே கேட்டு வாங்கிப் படி. மாறாதது வயிற்றுப்போக்கு விதி. நீ சமையல்கட்டில் நிற்பவன். வாந்தியோ பேதியோ வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போகும் கப்பலில், சாப்பாட்டைத் தொடுகிறவர்களுக்கு அது நின்று 48 மணி நேரம் கழித்துத்தான் வேலை. சானிடைசரை நம்பாதே, வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸுக்குச் சோப்பும் தண்ணீரும்தான். தனியறைக்கு அனுப்பினால் தேதியைக் கேட்டு, சொன்னவர் பெயரோடு நோட்டில் எழுதி வை. அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேள். வெட்கப்படாதே.

அவன் வெள்ளிக்கிழமை கிளம்புகிறான். அம்மா ஊறுகாய் போட்டுக்கொண்டிருக்கிறார், பாதி அவன் பெட்டிக்கு.