புது ரிசீவர் வாங்கலாமா? சனிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்

வைகைக்கரை
அனைவருக்கும் வணக்கம். புதிதாக வந்திருக்கும் ஹோம் தியேட்டர் ரிசீவரை வாங்கலாம் என்று இருக்கிறேன். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் விசாரித்தேன். சனிக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால் இந்த விலை, அப்புறம் ஏறிவிடும் என்கிறார்கள். இப்போது வீட்டில் ஓடுவது இங்கேயே அசெம்பிள் செய்து வாங்கிய 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப் ஊஃபர்) ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கர்கள் நன்றாக இருக்கின்றன, அவற்றை மாற்றும் எண்ணம் இல்லை. ரிசீவரை மட்டும் மாற்றினால் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை) கிடைக்குமா? வாங்கலாமா, பொறுக்கலாமா? கொஞ்சம் அவசரம்.

ஒத்தக்கடை ஒலி
எந்தக் கம்பெனி, எந்த மாடல்? அதையே சொல்லவில்லையே அண்ணே.

பேஸ் பிரியன்
டிவி என்ன? அறை எவ்வளவு பெரிசு? சப் ஊஃபர் ஆக்டிவா (உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ளது), பாசிவா (இல்லாதது)? இது தெரியாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

பொறுமைசாலி
எந்த மாடலாக இருந்தாலும் சரி, வந்த வருடமே வாங்காதீர்கள். இதை எத்தனை இழையில் சொன்னாலும் கேட்க ஆள் இல்லை. 2020 கடைசியில் நடந்தது நினைவிருக்கிறதா? எச்டிஎம்ஐ 2.1 போட்டு வந்த முதல் ரிசீவர்களில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கேம் பெட்டியை மாட்டி 4கே 120 ஹெர்ட்ஸ் வைத்தால் திரை கறுப்பாகிவிட்டது. டெனான், மராண்ட்ஸ், யமஹா மூன்றுக்கும் அந்தப் பிரச்சினை. உள்ளே இருந்த எச்டிஎம்ஐ சிப்பில்தான் கோளாறு. மென்பொருள் அப்டேட்டால் சரி செய்ய முடியவில்லை. அடுத்த வருடம் டெனானும் மராண்ட்ஸும் வெளியே மாட்டும் ஓர் அடாப்டர் பெட்டியை இலவசமாகக் கொடுத்தன. யமஹா உள்ளே இருந்த போர்டையே மாற்றித் தந்தது. முந்தி வாங்கியவர்கள்தான் அலைந்தார்கள். ஆறு மாதம் பொறுங்கள், ஊரார் வாங்கிப் பார்க்கட்டும்.

மேலூர் வயர்மேன்
எல்லாவற்றுக்கும் முன்னால் எர்த்தைப் பாருங்கள். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் மூன்றாவது பின் பெயருக்குத்தான் இருக்கும், கம்பி எங்கும் போகாது. டெஸ்டரை நம்ப வேண்டாம். மல்டிமீட்டரை ஏசியில் வைத்து பேஸ் (லைன்) கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள். 230க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்டுக்கு மேல் போகக் கூடாது. இது சரியாக இல்லாத வீட்டில் எவ்வளவு விலைக்கு ரிசீவர் வாங்கினாலும் ஹம் என்ற இரைச்சல்தான் கேட்கும்.

டெசிபல்
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். மாடல் இல்லை, அறை அளவு இல்லை, ஸ்பீக்கர் விவரம் இல்லை, ஆனால் சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும். இந்தக் குழுவில் மேலே ஒட்டி வைத்திருக்கும் பதிவை ஒருமுறை படித்துவிட்டு வந்தால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். அடிப்படை தெரியாமல் இவ்வளவு பணத்தைக் கொண்டுபோய்ப் போடுபவர்களை எனக்குப் புரியவே இல்லை.

ஒத்தக்கடை ஒலி
கேட்க வந்தவரை விரட்டாதீர்கள் சார். தெரிந்திருந்தால் ஏன் கேட்கப் போகிறார்.

வைகைக்கரை
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். மாடல் டெனான் எக்ஸ்1800ஹெச். டிவி 2018இல் வாங்கிய 4கே, 55 இஞ்ச். எச்டிஎம்ஐ பக்கத்தில் ஆர்க் என்று போட்டிருக்கிறது. வீடு சோழவந்தானில். அறை 12க்கு 16. கேம் ஆடுவதில்லை, படமும் பாட்டும்தான்.

திருநகர் அட்மாஸ்
கேம் இல்லை என்றால் பொறுமைசாலி அண்ணன் சொன்ன 4கே 120 கதை உங்களுக்குத் தேவையே இல்லை. அதை விட்டுவிடுங்கள்.

எக்ஸ்1800ஹெச் நல்ல ரிசீவர்தான். 7 சேனல். 8 ஓமில் இரண்டு சேனல் ஓடும்போது சேனலுக்கு 80 வாட். அந்த 80ஐ ஏழால் பெருக்கிக் கணக்குப் போடாதீர்கள். எல்லாச் சேனலும் ஒன்றாக முழு வீச்சில் ஓடினால் அவ்வளவு வராது, படம் பார்க்கத் தேவையும் படாது. கடையில் இதற்கு மேல் உள்ள எக்ஸ்2800ஹெச்சைக் காட்டி 95 வாட் என்று இழுப்பார்கள். 80க்கும் 95க்கும் உள்ள வித்தியாசம் முக்கால் டெசிபல், காதுக்குத் தெரியாது. அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

இன்னொன்று. இதற்கு முந்தைய எக்ஸ்1700ஹெச்சும் இதே 7 சேனல், இதே 80 வாட், இதே மூன்று 8கே உள்ளீடு. மைக் வைத்து அறைக்கு ஏற்ப ஒலியைச் சரிசெய்யும் ஆடிசி அறைத் திருத்தமும் அதேதான். பழைய ஸ்டாக் எங்காவது விலை குறைத்துக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வாங்கும் முன் பின்பக்கத்தில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து கையில் கொண்டு வந்த 120 வோல்ட் பெட்டியை விற்கிறவர்களும் உண்டு. அதற்கு இங்கே வாரண்டியும் கிடையாது.

அட்மாஸ் பற்றி: ஆர்க் என்பது டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வழியாக ரிசீவருக்கு அனுப்பும் வசதி, இஆர்க் அதன் மேம்பட்ட வகை. உங்கள் டிவியில் இஆர்க் இருக்க வாய்ப்பில்லை. பரவாயில்லை. ஓடிடியில் வரும் அட்மாஸ் டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸில்தான் வருகிறது, அதற்குச் சாதாரண ஆர்க்கே போதும். ப்ளூரே டிஸ்கில் இருக்கும் ட்ரூஎச்டியை டிவி வழியாக அனுப்பத்தான் இஆர்க் கட்டாயம். டிவி அட்மாஸைக் கடத்தாமல் மக்கர் செய்தால் ஓடிடி ஸ்டிக்கை டிவியில் செருகாமல் நேராக ரிசீவரில் செருகிவிடுங்கள். படம் மட்டும் டிவிக்குப் போகும். டிவி பழசா புதுசா என்ற பேச்சே அப்போது எழாது.

செல்லூர் டெக்னீஷியன்
எல்லாரும் கம்பெனி பெட்டியையே விற்கப் பார்க்கிறீர்கள். அசெம்பிள் ஆம்ப்ளிஃபயரில் என்ன குறை? 5200-1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்டு, நல்ல டோராய்டு டிரான்ஸ்பார்மர், அளவான ஹீட் சிங்க் வைத்தால் இந்தக் கம்பெனி ரிசீவர்கள் பக்கத்தில் நிற்காது. பழுதானால் டிரான்சிஸ்டரை வாங்கி மாற்றி அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவேன். கம்பெனி பெட்டியில் எச்டிஎம்ஐ போர்டு போனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், போர்டு விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

டெசிபல்
அசெம்பிள் பெட்டிகளின் முன்னால் 2000 வாட், 3000 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறார்களே, அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். உள்ளே இருப்பது 24-0-24 வோல்ட், 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர். 48 பெருக்கல் 5, மொத்தம் 240 விஏ, அந்த டிரான்ஸ்பார்மரின் திறனே அவ்வளவுதான். அதிலிருந்து 2000 வாட் எப்படி வரும்? எட்டாம் வகுப்புக் கணக்கு.

செல்லூர் டெக்னீஷியன்
நான் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. என்ன டிரான்ஸ்பார்மர் போட்டிருக்கிறேன் என்று மூடியைத் திறந்து காட்டித்தான் கொடுக்கிறேன். வைகாசியில் சோழவந்தான் ஜெனகை மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ராத்திரி பகலாக ஓடுகிற மைக் செட் எல்லாம் யார் கட்டியது? கம்பெனியா?

டெசிபல்
மைக் செட்டும் ஹோம் தியேட்டரும் ஒன்று என்று நினைப்பவரிடம் பேசிப் பயன் இல்லை. நடுவில் வசனம் எங்கே வர வேண்டும், மேலே ஹெலிகாப்டர் எங்கே போக வேண்டும் என்பதை எந்த டிகோடர் போர்டு செய்யும்? அட்மாஸ் உரிமம் உள்ள ஓர் அசெம்பிள் போர்டு காட்டுங்கள்.

ஒத்தக்கடை ஒலி
இரண்டு பேரும் சொல்வது இரண்டு வேறு விஷயம். பவருக்கு அசெம்பிள் பெட்டி குறைச்சல் இல்லை. டிகோடிங்குக்கும் அறைத் திருத்தத்துக்கும் கம்பெனி பெட்டிதான் வேண்டும். இதற்கு ஏன் சண்டை?

செல்லூர் டெக்னீஷியன்
சண்டை இல்லை தம்பி. உள்ளூர்க்காரன் உழைப்பை மட்டமாகப் பேசினால் சும்மா இருக்க முடியாது, அவ்வளவுதான்.

பேஸ் பிரியன்
வைகைக்கரை அண்ணே, நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. சப் ஊஃபருக்கு இப்போது எங்கிருந்து வயர் போகிறது? சுவரில் செருகும் பவர் கார்டு சப்பில் தனியாக இருக்கிறதா?

வைகைக்கரை
சப்புக்குப் பவர் கார்டு இல்லை. ஆம்ப்ளிஃபயர் பின்னால் இருந்து சிவப்பு, கறுப்பு வயர் போகிறது. 12 இஞ்ச், மரப் பெட்டி.

பேஸ் பிரியன்
இதைத்தான் நினைத்தேன். அது பாசிவ் சப். இந்த மாதிரிக் கம்பெனி ரிசீவரில் சப்புக்குப் பவர் வராது. பின்னால் ஆர்சிஏ சாக்கெட் மட்டும் இருக்கும், அதில் வருவது வெறும் சிக்னல். புதுப் பெட்டியைக் கொண்டு வந்து வைத்துவிட்டு உங்கள் சப் வயரை மாட்ட இடமே இருக்காது. கடையில் இதைச் சொன்னார்களா?

வைகைக்கரை
சொல்லவில்லை. அப்படியானால் சப்பும் புதிதாக வாங்க வேண்டுமா? பட்ஜெட் தாங்காதே.

பேஸ் பிரியன்
வேண்டாம். உங்கள் பழைய ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிப் போடாதீர்கள், அதற்கு இனி சப்பை ஓட்டுவது மட்டும்தான் வேலை. பின்னால் ஆறு ஆர்சிஏ சாக்கெட் வரிசையாக இருக்கும், அதில் எஸ்டபிள்யூ என்று ஒன்று. ரிசீவரின் சப் ப்ரீ-அவுட்டிலிருந்து ஒரே ஒரு ஆர்சிஏ கேபிளை அதில் செருகுங்கள். பழைய பெட்டியை 5.1 இன்புட்டில் வைத்து, வால்யூமைப் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வைத்து அப்படியே விட்டுவிடுங்கள், பிறகு அந்தக் குமிழைத் தொடவே கூடாது. சப் பில்டர் குமிழ் இருந்தால் அதிக ஹெர்ட்ஸ் பக்கம் கடைசி வரை திருப்பி வையுங்கள். பில்டர் வேலையை ரிசீவர் பார்க்கட்டும். ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் ஸ்மால் என்று வைத்து கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே உள்ள ஒலி சப்புக்குப் போய்விடும்.

செல்லூர் டெக்னீஷியன்
இது சரியான யோசனை. எஸ்டபிள்யூ சாக்கெட்டுக்கு உள்ளே தனி பில்டர் போர்டு இருந்தால் அதைத் தாண்டி ஆம்ப்ளிஃபயர் போர்டுக்கு நேராக ஒரு ஷீல்டு வயர் போடச் சொல்லுங்கள். உங்களுக்குக் கட்டிக் கொடுத்தவரிடமே கொண்டு போங்கள், நொடியில் முடிகிற வேலை.

திருநகர் அட்மாஸ்
மற்ற ஸ்பீக்கர்கள் எத்தனை ஓம்? பின்னால் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓமில் வைத்து இரண்டு முனையிலும் பிடியுங்கள். 3க்கும் 4க்கும் நடுவே காட்டினால் 4 ஓம் ஸ்பீக்கர். ஐந்தரையிலிருந்து 7 வரை காட்டினால் 8 ஓம். கூரை எப்படி? மேலே பார்த்துப் பாடும் ஸ்பீக்கர் வாங்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

வைகைக்கரை
அளந்து பார்த்தேன். முன்னால் இரண்டும் 6.1, 6.2. சென்டர் 3.5. பின்னால் இரண்டும் 3.4. தாத்தா காலத்து வீடு. தேக்கு உத்தரம், மேலே செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். உயரம் 11 அடி இருக்கும். அப்படியே மேலே பார்க்கிற ஸ்பீக்கர்தான் கடையில் சொன்னார்கள்.

திருநகர் அட்மாஸ்
அதை வாங்காதீர்கள். மேலே பார்க்கும் ஸ்பீக்கர் ஒலியைக் கூரையில் பட்டுத் திரும்பச் செய்கிறது. கூரை தட்டையாக, கெட்டியாக இருக்க வேண்டும். உத்தரத்துக்கு நடுவே நடுவே பள்ளம் இருக்கும் கூரையில் ஒலி நாலா பக்கமும் சிதறிவிடும், தலைக்கு மேலிருந்து வருவது போல் தோன்றாது. உங்களுக்கு இருக்கும் வசதி கான்கிரீட் வீட்டுக்காரர்களுக்குக் கிடைக்காது: உத்தரம் மரம். உட்காரும் இடத்துக்கு மேலே, சற்று முன்னால், இடம் வலமாக இரண்டு சின்ன ஸ்பீக்கரைப் பிராக்கெட் போட்டு உத்தரத்திலேயே திருகிவிடலாம். கான்கிரீட் டிரில் வேண்டாம், சுவர் உடைப்பு வேண்டாம். அந்த இரண்டு ஸ்பீக்கர் மட்டும் புதிதாக வாங்கினால் போதும், 5.1.2 ஆகிவிடும்.

சென்டரும் பின்னால் உள்ளவையும் 4 ஓம். ஓடும், ஆனால் அதிக கரண்ட் இழுக்கும், பெட்டி சூடாகும். சப் தனி ஆம்ப்ளிஃபயரில் ஓடுவதாலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ரிசீவர் சுமக்காததாலும் சமாளித்துவிடும். ஷோகேஸுக்குள் கதவை மூடி வைக்காதீர்கள். நம்மூர் சித்திரை வெயிலில் அறையே 36, 37 இருக்கும். மூடிய பெட்டிக்குள் வைத்தால் சூடு தாங்காமல் தானாக அணைந்துவிடும். மேலே ஒரு சாண் இடைவெளி கட்டாயம்.

மைக் வைத்து ஆடிசி ஓட்டும்போது சீலிங் பேனை நிறுத்துங்கள். இங்கே பாதிப்பேர் பேன் ஓட ஓட அளந்துவிட்டுச் சத்தம் சரியில்லை என்கிறார்கள்.

டெசிபல்
பரவாயில்லை, கடைசியில் உருப்படியான விவரங்கள் வந்துவிட்டன. ஓம் அளந்து எழுதியவர் இங்கே அபூர்வம். என் கருத்தும் முந்தைய மாடலுக்குத்தான். சனிக்கிழமை கெடு என்பது கடைக்காரர் வைத்தது, உங்களுக்கு எந்த அவசரமும் இல்லை. மிச்சமாகும் பணத்தில் உத்தரத்துக்கு அந்த இரண்டு ஸ்பீக்கரை வாங்கலாம்.

பொறுமைசாலி
இப்போதாவது ஒப்புக்கொண்டீர்களே, புதுசுக்கு ஓடக் கூடாது என்று.

மேலூர் வயர்மேன்
எர்த் பார்த்தீர்களா? இரண்டு பெட்டியை ஆர்சிஏயில் இணைக்கும்போது அது இன்னும் முக்கியம். ரிசீவர், பழைய ஆம்ப்ளிஃபயர், டிவி மூன்றையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுங்கள்.

பேஸ் பிரியன்
சனிக்கிழமை போய்விட்டது. என்ன முடிவு அண்ணே?

ஒத்தக்கடை ஒலி
வைகைக்கரை அண்ணே, இருக்கிறீர்களா?

வைகைக்கரை
தாமதத்துக்கு மன்னிக்கவும், வீட்டில் விசேஷம். எக்ஸ்1700ஹெச் வாங்கிவிட்டேன், பில்லோடு, 230 வோல்ட். சப் பழைய பெட்டியில் ஓடுகிறது, முன்பை விட நன்றாக இருக்கிறது. உத்தரத்து ஸ்பீக்கர் அடுத்த மாதம். எல்லாருக்கும் நன்றி. சப்பில் மட்டும் படம் ஓடாத நேரத்திலும் லேசாக ஹம் கேட்கிறது.

மேலூர் வயர்மேன்
டிவி பின்னால் இருக்கும் கேபிள் வயரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். ஹம் நின்றுவிட்டால் அந்த வழியாகத்தான் வருகிறது. நிற்கவில்லை என்றால் ஆர்சிஏ கேபிளை ரிசீவர் பக்கம் பிடுங்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எர்த் எத்தனை வோல்ட் காட்டியது?

பேஸ் பிரியன்
ஷீல்டு வயர் மாற்றினாரா, இல்லை எஸ்டபிள்யூ சாக்கெட்டில்தான் மாட்டியிருக்கிறீர்களா?

மேலூர் வயர்மேன்
அண்ணே, கழற்றிப் பார்த்தீர்களா?