அட்டாச், கனெக்ட், ஜாயின், ஃபாஸன்: எல்லாமே ‘இணைக்கவும்’தானா?

கையேட்டுக்காரர் (கேள்வி)

வாஷிங் மெஷின் கையேடு ஒன்றைத் தமிழாக்கம் செய்கிறேன். மூலத்தில் அட்டாச், கனெக்ட், ஜாயின், ஃபாஸன், செக்யூர், லிங்க் என்று மாறி மாறி வருகிறது. நான் பெரும்பாலும் ‘இணைக்கவும்’ என்றே போட்டுவிட்டேன். “எதை எதோடு எப்படி என்றே புரியவில்லை” என்று சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பிவிட்டார். இந்தச் சொற்களுக்குள் உண்மையிலேயே வேறுபாடு உண்டா, இல்லை ஒரே சொல் திரும்ப வரக்கூடாதென்று எழுதியவர் மாற்றிப் போட்டதா?

மரையாணி

கட்டுரையாக இருந்தால் அழகுக்காக மாற்றியிருக்கலாம். கையேட்டில் அப்படிச் செய்ய மாட்டார்கள். வேறுபாடு உண்டு.

அட்டாச் என்றால் ஒரு பக்கம் பெரிய பொருள், மறு பக்கம் அதன்மேல் ஏறும் சின்னது. கதவில் கைப்பிடியை அட்டாச் செய்யலாம். கைப்பிடியில் கதவை அட்டாச் செய்வதில்லை. மின்னஞ்சலில் கோப்பு ஏறுவதும் இதே கணக்குதான். கனெக்ட் அப்படியல்ல. அங்கே இரண்டுக்கும் நடுவே ஏதாவது ஓட வேண்டும்: தண்ணீர், மின்சாரம், சிக்னல்.

எர்த் வயரை வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். பெயின்ட் அடித்த தகட்டின்மேல் லக்கை (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) வைத்துத் திருகாணியை இறுக்கினால் வயர் அட்டாச் ஆகிவிட்டது, இழுத்தாலும் வராது. ஆனால் கனெக்ட் ஆகவில்லை. பெயின்ட் மின்சாரத்தை விடாது. ஃபோன் வைஃபையில் இருக்கும்போது நேர்மாறு: கனெக்ட் உண்டு, அட்டாச் இல்லை.

அதனால் அட்டாச்சுக்கு ‘பொருத்தவும்’ அல்லது ‘மாட்டவும்’. கனெக்ட்டுக்கு ‘இணைக்கவும்’ என்பதை விட்டுவைக்கலாம், ‘இணைப்புக் கொடுக்கவும்’ இன்னும் தெளிவு. குழாயில் இன்லெட் ஹோஸை (மெஷினுக்குத் தண்ணீர் கொண்டுவருவது) மாட்டும் இடத்தில் ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். ரப்பர் வாஷர் உள்ளே இருக்கிறதா பார், மரை கோணாமல் பிடி, கையால் இறுக்கு என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். அங்கே ஒழுகினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வாஷரை. அதைப் பார்க்காமல் பிளாஸ்டிக் நட்டை ஸ்பானர் போட்டு முடுக்கினால் விரிசல்தான் விடும்.

சாலிடர்

ஜாயின் என்பது முனையும் முனையும் சந்திப்பது. இரண்டு துண்டு சேர்ந்து ஒரே நீளம் அல்லது ஒரே பரப்பு ஆகிறது. இதில் பெரியது சின்னது இல்லை. எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் ‘ஜாயின்ட் போடுவது’ என்பார்களே, அதேதான். டிரெய்ன் ஹோஸ் என்பது மெஷினிலிருந்து கழிவுநீரை வெளியே விடுவது. “டிரெய்ன் ஹோஸ்களை ஜாயின் செய்து நீட்டாதே” என்ற எச்சரிக்கையை ‘டிரெய்ன் ஹோஸை இணைக்காதீர்கள்’ என்று எழுதினால், படிப்பவர் ஹோஸை மாட்டாமலே விட்டுவிடுவார். ‘இரண்டு ஹோஸ்களுக்கு ஜாயின்ட் போட்டு நீளமாக்காதீர்கள்’ என்றால் குழப்பமே இல்லை.

(ஒரு கொசுறு: ஜாயினுக்கும் நுகத்தடியைக் குறிக்கும் யோக் என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றே. சமஸ்கிருத யோகமும் அதே குடும்பம். நம் ‘ஏர் பூட்டு’ அந்தப் பழைய பொருளுக்கு எவ்வளவு பக்கம் பாருங்கள்.)

ஃபாஸன் என்றால் கழன்றுவிடாமல், திறந்துவிடாமல் இறுக்குவது. சீட் பெல்ட், பொத்தான், தாழ்ப்பாள் எல்லாம் இதில் வரும். எழுத்தில் உள்ள ‘ட்’டை உச்சரிப்பதில்லை. செக்யூர் அதற்கு அடுத்த படி: ஏற்கெனவே வைத்த பொருள் நகராமல் பிடித்து வைப்பது. “கிளிப்பால் செக்யூர் செய்” என்பதை ‘பாதுகாப்பாக வைக்கவும்’ என்று மொழிபெயர்ப்பது அடிக்கடி கண்ணில் படும் பிழை. ‘அசையாதபடி கிளிப் போட்டு இறுக்கவும்’ என்பதே சரி.

ஃபிக்ஸ் வந்தால் எச்சரிக்கை. நம்மூர் ஆங்கிலத்திலும் பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் சுவரில் பொருத்துவதும் ஃபிக்ஸ்தான். அமெரிக்கர் காதில் முதலில் விழுவது பழுதுபார்ப்பது. மூலம் எந்த நாட்டில் எழுதியது என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

கையேட்டுக்காரர்

நன்றி, பாதிப் பக்கம் தெளிந்துவிட்டது. டிரெய்ன் ஹோஸின் மறுமுனையைச் சுவரோரம் நிற்கும் வடிகால் குழாயில் விட்டு செக்யூர் செய்யச் சொல்கிறது. அங்கேயும் ‘இறுக்கவும்’ போடலாமா?

மரையாணி

கூடாது. ‘குழாயில் செருகி, நழுவாதபடி கட்டி வைக்கவும், சுற்றிலும் உள்ள இடைவெளியை அடைக்க வேண்டாம்’ என்று எழுதுங்கள். ‘இறுக்கவும்’ என்று படித்தவர் டேப்பையோ எம்-சீலையோ வைத்து அடைத்துவிட்டால் காற்று புக வழியில்லாமல் போகும். பிறகு சைஃபன் பிடித்து, மெஷினுக்குள் தண்ணீர் ஏற ஏற வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். செக்யூர் என்று சொன்னது ஹோஸ் நகராமல் இருக்க. காற்றுப் புகாமல் இருக்க அல்ல. அதற்கு சீல் என்று தனிச்சொல் இருக்கிறது.

நெடுங்கணக்கு

லிங்க்கை யாரும் தொடவில்லை. சங்கிலி வளையம்தான் மூலப்பொருள், ஆனால் இன்று இரண்டும் தொட்டுக்கொள்ளவே வேண்டாம், உறவு இருந்தால் போதும். மெஷினை ஆப் கணக்கோடு லிங்க் செய்யும் இடத்தில் ‘இணைக்கவும்’ என்றே விடுங்கள். பான்–ஆதார் இணைப்பு வந்தபிறகு அந்தப் பொருள் எல்லோருக்கும் பழகிவிட்டது. செய்தியில் ஒரு பொருள் புற்றுநோயோடு லிங்க்டு என்று வந்தால் மட்டும் ‘தொடர்பு இருப்பதாக’ என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘புற்றுநோய் உண்டாக்கும்’ என்று எழுதினால் மூலத்தில் இல்லாததைச் சேர்த்ததாகிவிடும்.

சோப்புத்தூள் பக்கத்தில் கம்பைன் வரக்கூடும். அதற்கு ‘கலக்கவும்’ அல்லது ‘சேர்த்துப் பயன்படுத்தவும்’. ப்ளீச்சோடு வினிகரைச் சேர்க்காதே என்பது போன்ற வரியாக இருந்தால் கண்டிப்பாகக் ‘கலக்காதீர்கள்’. குளோரின் வாயு கிளம்பும் விஷயத்தில் ‘இணைக்காதீர்கள்’ என்று எழுதினால் யாருக்கும் உறைக்காது.

சாலிடர்

இன்னொன்று. மொழிபெயர்க்கும் முன் வினைச்சொல்லுக்குப் பின்னால் வரும் உருபைப் பாருங்கள். அட்டாச், ஃபாஸன் இரண்டுக்கும் ‘டு’ வந்தால் எதன்மேல் ஏற்றுவது என்று வாக்கியமே சொல்லிவிடும். தமிழில் அந்தப் பெயருக்கு ‘இல்’ போடுங்கள். ஜாயின் அல்லது கனெக்ட்டுக்குப் பின் இரண்டு பெயர்கள் நடுவில் ‘அண்ட்’ போட்டு வந்தால் அந்த இரண்டு பெயருக்கும் ‘ஐயும்’ போடுங்கள்.