த்ராட்டில் பாடியை (என்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம்) வீட்டிலேயே சுத்தம் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. வண்டி 2013 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல். கொஞ்ச நாளாக சிக்னலில் நின்றால் ஐடிலிங் ஒரு நிலையில் இருப்பதில்லை. ஆர்பிஎம் முள் 600க்கும் 1,000க்கும் நடுவில் ஏறி இறங்குகிறது. ஏசி போட்டால் சில நேரம் வண்டி அணைந்தே போய்விடுகிறது, பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். செக் என்ஜின் விளக்கு எரியவில்லை.

ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். த்ராட்டில் பாடிக்குள் திறந்து மூடும் வால்வுத் தட்டின் விளிம்பைச் சுற்றி, அதிலும் உள்பக்கம், கரியும் எண்ணெயும் சேர்ந்து தார் போல அப்பியிருக்கிறது. பிசிவி குழாய் (என்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திரும்பக் காற்றுப் பாதைக்கே அனுப்பும் குழாய்) வழியாக வரும் எண்ணெய் ஆவிதான் காரணமாக இருக்கும்.

இது கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில். தட்டை விரலால் தள்ளினால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் போய்விடும் என்கிறார்கள். அப்படியென்றால் பின்பக்கக் கரியை எப்படித் துடைப்பது? பாடியை முழுசாகக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

கையில் கார்புரேட்டர் கிளீனர் இருக்கிறது. சில த்ராட்டில் பாடிகளில் உள்ளே பூச்சு இருக்கும், அதை இது அரித்துவிடும் என்பதால் தொடவில்லை. தனியாக த்ராட்டில் கிளீனரே வாங்கிவிடவா?

அப்புறம் முக்கியமானது: கரி போனதும் காற்று கூடுதலாகப் போய் ஐடிலிங் ஏறிக்கொள்ளும், இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) புதிதாகப் பழக வேண்டும் என்கிறார்கள். ஸ்கேனர் (இசியுவோடு இணைக்கும் கருவி) இல்லாமல் அந்த ரீலேர்னை யாராவது செய்திருக்கிறீர்களா? பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் மட்டும் போதுமா?