களிமண்ணில் இறுகிய புல்தரை: துளையிட்டு விதைப்பது எப்போது, எப்படி?

கேள்வி (மார்க்கம் வாசி, ஓகஸ்ட் நடுப்பகுதி)

அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கத்தில், அண்மைக் காலத்தில் கட்டப்பட்ட குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறோம். முன்முற்றத்துப் புல் ஆண்டுக்காண்டு ஐதாகி வருகிறது. மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காமல் நடைபாதைக்கு ஓடுகிறது. வெயில் எறித்தால் நிலம் வெடிக்கிறது. மே மாதம் தூவிய விதை நன்றாகவே முளைத்தது, ஆனால் யூலை வெயிலில் முழுவதும் கருகிவிட்டது. ஆணி பதித்த செருப்பை அணிந்து புல்லின் மேல் நடந்தால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். புல் வெட்ட வருபவரோ, இயந்திரத்தால் துளையிட வேண்டும், அதற்கு அடுத்த வசந்தம்வரை பொறுத்திருக்க வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? சுண்ணாம்பும் மணலும் போட வேண்டுமா? ஒரு மூலையில் மேப்பிள் மரம் நிற்கிறது. அதன் கீழ் அநேகமாகப் புல்லே இல்லை.

பதில் (ஸ்காபரோ தோட்டக்காரர்)

வணக்கம். செலவு செய்வதற்கு முன், மழை பெய்த மறுநாள் நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றைத் தரையில் குத்திப் பாருங்கள். கையின் பலத்திலேயே 10 சென்ரிமீற்றர் இறங்கினால் சிக்கல் வேறெங்கோ இருக்கிறது. 4 அல்லது 5 சென்ரிமீற்றரில் முட்டி நின்றால் மண் இறுக்கம்தான் காரணம். புதிய குடியிருப்புகளில் மேல்மண்ணை வழித்தெடுத்து, கனரக வாகனங்கள் ஓடி இறுக்கிய களிமண்ணின் மேல் சில சென்ரிமீற்றர் மண்ணை மட்டும் பரப்பி, அதன் மேல் சுருட்டிய புல்லை விரித்துவிட்டுப் போவது வழக்கம். வேர் அந்த மெல்லிய அடுக்குக்குள்ளேயே நின்றுவிடுவதால், அது காய்ந்த வாரமே புல்லும் காய்கிறது. உங்கள் மே மாத விதைக்கும் இதுதான் நடந்திருக்கும்: வேர் ஆழம் போகுமுன் கோடை வந்துவிட்டது.

ஆணிச் செருப்பை விட்டுவிடுங்கள். ஆணி மண்ணை வெளியே எடுப்பதில்லை. பக்கவாட்டில் தள்ளித் துளையின் சுவரை இன்னும் இறுக்குகிறது. உள்ளீடற்ற குழாய்களால் மண்ணை விரற்கட்டை அளவில் பிடுங்கி வெளியே போடும் ஏரேட்டர்தான் உங்களுக்குத் தேவை. வாடகைக் கடைகளில் அரைநாளுக்குக் கிடைக்கும். எடை அதிகம் என்பதால் ஏற்றி இறக்க இரண்டாவது ஆள் வேண்டும். பக்கத்து வீட்டாருடன் வாடகையைப் பகிர்ந்துகொண்டால் ஆளும் கிடைக்கும்.

வசந்தம்வரை பொறுக்கவும் வேண்டாம். தெற்கு ஒன்ராறியோவில் ஓகஸ்ட் நடுப்பகுதி முதல் செப்ரெம்பர் நடுப்பகுதி வரையுள்ள காலமே விதைப்புக்குச் சிறந்தது, ஏனெனில் மண்ணில் கோடையின் சூடு இருக்க, காற்று குளிரத் தொடங்குகிறது, களைகளின் போட்டியும் குறைகிறது, இளம்புல்லுக்கு அடுத்த கோடைக்கு முன் ஓர் இலையுதிர்காலமும் ஒரு வசந்தமும் வேரூன்றக் கிடைக்கின்றன.

பதில் (மிசிசாகா அக்கா)

சுண்ணாம்பு, மணல் இரண்டையும் நான் மறுக்கிறேன். தெற்கு ஒன்ராறியோ மண்ணின் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. ஏற்கனவே காரத்தன்மை கொண்டது; சுண்ணாம்போ புளிப்பு மண்ணுக்குப் போடுவது. மண் பரிசோதனை கேட்காமல் சுண்ணாம்பு போடுவது வீண்செலவு. களிமண்ணில் சிறிதளவு மணலைக் கலந்தால் அது இளகுவதற்குப் பதிலாகச் செங்கல்லைப் போல் இறுகும். சல்லடையில் சலித்த, நன்றாக மக்கிய கொம்போஸ்டே மருந்து.

செய்யும் முறை இது. புல்லை 5 சென்ரிமீற்றருக்கு வெட்டி, காய்ந்த சருகை வாரி எடுங்கள். மண் ஈரமாக, ஆனால் காலில் ஒட்டாத பதத்தில் இருக்கும் நாளில், தெளிப்பான் தலைகளையும் ஆழமின்றிப் புதைத்த இணையக் கம்பியையும் சிறு கொடிகளால் குறித்துவிட்டு, நீளவாக்கில் ஒருமுறையும் குறுக்காக ஒருமுறையும் இயந்திரத்தை ஓட்டுங்கள். துளைகள் 5 முதல் 7 சென்ரிமீற்றர் ஆழம் இருக்க வேண்டும். வெளியே விழுந்த மண்கட்டைகளைப் பலர் அசிங்கம் என்று அள்ளி எறிகிறார்கள். அது தேவையற்ற வேலை. அவை ஓரளவு காய்ந்ததும் வாரியின் முதுகால் உடைத்துவிட்டால் விதைக்கு மேல் போர்வையாகும்.

பிறகு 100 சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 2 கிலோ விதையைப் பாதி நீளவாக்கிலும் பாதி குறுக்காகவும் தூவி, அரை சென்ரிமீற்றர் கொம்போஸ்ட் பரப்பி, வாரியால் மெதுவாகக் கோதிவிடுங்கள். விதை மண்ணைத் தொட வேண்டும். பழைய புல்லின் மேல் தொங்கும் விதை பறவைக்குத்தான். வாங்கும்போது பையின் பின்பக்கத்தைப் படியுங்கள். மலிவான கலவைகளில் இருக்கும் ஓராண்டு ரைப்புல் விரைவாகப் பச்சை காட்டிவிட்டு மாரியோடு செத்துவிடும். கென்டக்கி நீலப்புல்லும் சிவப்பு ஃபெஸ்கியூ என்ற புல்வகையும் கூடுதலாக, பல்லாண்டு ரைப்புல் குறைவாக உள்ள கலவை நல்லது. ரைப்புல் ஒரு வாரத்தில் முளைக்கும், நீலப்புல்லுக்கு 2 முதல் 4 வாரம் ஆகும். அதற்குள் மனம் தளர்ந்து நீர் விடுவதை நிறுத்திவிடாதீர்கள். மேப்பிளின் கீழ் நீலப்புல் வேண்டாம், மெல்லிய ஃபெஸ்கியூ மட்டும் போடுங்கள். அடர்ந்த நிழல் தரும் நோர்வே மேப்பிளாக இருந்தால் அதுவும் நிற்காது. அங்கே மரச்சீவல் பரப்புவதே என் தெரிவு.

மார்க்கம் வாசி

நன்றி அக்கா, நன்றி ஐயா. ஸ்குரூடிரைவர் 4 சென்ரிமீற்றரில் நின்றது. ஆனால் தெருவோரப் பகுதியில் புல்லைப் பிடித்து இழுத்தபோது கம்பளம் போல் அப்படியே சுருண்டு வந்தது. அடியில் வேரே இல்லை. வெள்ளை உடலும் பழுப்புத் தலையுமாக, வளைந்து கிடக்கும் புழுக்கள் ஓரடிச் சதுரத்தில் பத்துக்கு மேல் இருந்தன. களை முளைப்பதைத் தடுக்கவும் சேர்த்து, சோளத்திலிருந்து எடுக்கும் சோள குளுட்டன் தூளைப் போடலாமா?

பதில் (ஸ்காபரோ தோட்டக்காரர்)

அவை வண்டுகளின் புழுக்கள், புல்வேரைத் தின்பவை. அந்த அளவு இருந்தால் முதலில் அவற்றைத் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் புதுப்புல்லின் வேரையும் தின்றுவிடும், புழுவைத் தேடி வரும் ரக்கூனும் ஸ்கங்கும் மீதியைத் தோண்டிப் போடும். ஒன்ராறியோவில் அழகுக்காக இரசாயனப் பூச்சிகொல்லி அடிப்பது 2009 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே தோட்டக் கடைகளில் குளிர்பெட்டியில் வைத்து விற்கும் நெமற்றோடுகளை, அதாவது இந்தப் புழுக்களைக் கொல்லும் கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்களை, வாங்குங்கள். நீங்கள் துளையிட்டு முடித்த பின், தரையை நன்கு நனைத்து, வெயில் தாழ்ந்த நேரத்தில் தெளித்து, மீண்டும் நீர் விட வேண்டும். சூரிய ஒளி நெமற்றோடுகளைக் கொன்றுவிடும். புழு சிறிதாக இருக்கும் ஓகஸ்ட் கடைசியும் செப்ரெம்பர் தொடக்கமும் இதற்கும் உகந்த காலமே.

சோள குளுட்டன் இப்போது வேண்டவே வேண்டாம். அது முளைக்கும் விதையின் வேரைத் தடுப்பது. களை விதை, புல் விதை என்று பிரித்துப் பார்க்காது.

முளைக்கும்வரை நாளுக்கு இரண்டு மூன்று தடவை மேற்பரப்பு மட்டும் நனையும்படி நீர் விடுங்கள். முளைத்தபின் தடவைகளைக் குறைத்து ஆழமாக விடுங்கள். புல் 8 சென்ரிமீற்றரைத் தாண்டும்போது, தீட்டிய அலகுடன் முதல் வெட்டு. ஒக்ரோபரில் மேப்பிள் இலை விழத் தொடங்கியதும் இரும்பு வாரியைத் தொடாமல் ஊதியாலோ மென்மையான விசிறி வாரியாலோ அகற்றுங்கள். ஈர இலைக்கு அடியில் ஒரு வாரம் கிடந்தால் இளம்புல் அழுகிவிடும்.