பாம்பன் பாலத்தில் கரி வண்டி

1978 ஆடி அமாவாசை. எனக்கு ஒன்பது வயது. அப்பத்தாவோடு ராமநாதபுரத்தில் ராமேஸ்வரம் பாசஞ்சர் ஏறினேன். அப்போது சாலைப் பாலம் கிடையாது, அது 1988-இல்தான் வந்தது. பஸ்ஸில் போனால் மண்டபத்தோடு சரி. தீவுக்குள் போக ரயிலை விட்டால் தோணிதான்.

வாலாந்தரவை, உச்சிப்புளி என்று பனையும் உடைமரமுமாகப் போய்க்கொண்டே இருந்தது. நான் இடது பக்க ஜன்னலில் தலையை நீட்டியபடியே வந்தேன். அங்கேதான் தப்பு. ஆடியில் அடிப்பது கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து வருவது. இன்ஜின் புகை மொத்தமும் நான் இருந்த வடபக்கம்தான் திரும்பும். உச்சிப்புளி தாண்டியதும் கண்ணில் கரி விழுந்துவிட்டது.

"கசக்காதய்யா" என்று அப்பத்தா கையைப் பிடித்துக்கொண்டாள். முந்தானை நுனியைப் பந்தாகச் சுருட்டி, வாயருகே வைத்து ஊதி, அந்தச் சூட்டோடு கண்ணில் ஒத்தினாள். நாலைந்து தடவை. கடைசியில் வெள்ளைச் சேலையில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை விரலில் எடுத்து எனக்குக் காட்டினாள்.

மண்டபத்தில் வண்டி வெகுநேரம் நின்றது. காற்று பலமாக இருந்தால் பாலத்தில் விட மாட்டார்கள். அப்புறம் ஒருவழியாகக் கூவிக்கொண்டு கிளம்பியது. பாலத்தில் ஏறியதும் சத்தமே மாறிவிட்டது, அடியில் தரை இல்லாத வெறும் இரும்புச் சத்தம். ஆள் நடக்கிற வேகம்தான். குனிந்து பார்த்தால் கட்டைகளுக்கு நடுவே தண்ணீர். வலது பக்கம் தென்கடல் நுரைதள்ளிக் கொந்தளிக்கிறது, இடது பக்கம் வடகடல் குளம் மாதிரி கிடக்கிறது. "அது ஆண் கடல், இது பெண் கடல்" என்றாள் அப்பத்தா. பெண் கடல் மேலே எங்கள் வண்டிப் புகையின் நிழல் கூடவே வந்தது.

1914-இல் திறந்த பாலம், தூண்களுக்கு இடையே 145 கண். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ஆட்களோடு கடலில் போனது. பாலத்திலும் பெரும்பாலான கண்கள் அடித்துக்கொண்டு போக, கப்பலுக்குத் திறக்கும் தூக்குப்பாலம் தப்பி நின்றது. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் சரிசெய்தார்கள். இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குப் பார்த்தது, தூக்குப்பாலம் வந்ததும் பெட்டியில் பேச்சு அடங்கியதைத்தான். அப்பத்தா இடுப்பு முடிச்சை அவிழ்த்துப் பத்துப் பைசா எடுத்து, கடலில் போடச் சொல்லி என் கையில் கொடுத்தாள்.

நீராவி வண்டி வேண்டுமென்றால் இப்போது மேட்டுப்பாளையம் போக வேண்டும். குன்னூர் வரை இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும். நானும் போனேன், காடும் பள்ளத்தாக்கும் அவ்வளவு அழகு. ஆனாலும் எனக்குக் கரி வண்டி என்றால் கடல்தான். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு, வருஷத்தில் ஒரு நாளாவது ஒரு நீராவி வண்டி விட்டால் நான் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்களே, அதிலும் போய்வந்தேன். நல்ல பாலம், வண்டி சீராகப் போகிறது. மண்டபம் வந்ததும் எழுந்து வடபக்கக் கதவருகே போய் நின்றுகொண்டேன், சட்டைப்பையில் ஒரு ரூபாய்க் காசோடு.